முதுகுக்குள் ஒரு சொட்டு

2024 ஜூலை 8, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. அத்தை என்னைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் இரண்டு பேரும் வியர்வையில் மறுபடி நனைந்துவிட்டோம். முட்டி இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன. அத்தை முழங்கையை நடுவில் கொடுத்து நெம்பினார். இந்த வயதில் மாமியாருக்கு இப்படி ஒரு வேலை. நெம்ப நெம்ப இறுகுகிறது. விட்டுவிட்டுக் காத்திருந்து, கால் அசந்த நேரம் பார்த்துத் துணியை உள்ளே நுழைக்க வேண்டும்.

ஷூ கம்பெனியில் க்யூசி பார்த்தவள் நான். தையல் ஒரு கண் தவறியிருந்தாலும் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும், ரிஜெக்ட் பெட்டியில் போய் விழும். லைனில் எனக்கு நல்ல பெயரே கிடையாது. இப்போது என் காலை எந்தப் பெட்டியில் போடுவது?

மத்தியானம் பக்கத்து வீட்டு அஃப்ரோஸ் டீ கொண்டுவந்தாள். வைக்கக் கூடாது என்று தெரிந்தும் டம்ளரை மடியில் வைத்தேன். இடது கால் துள்ளியது. டம்ளர் சுவரில் போய் அடித்தது. அவள் துடைத்தாள். அவள் வீட்டுக்கு மூட்டை மூட்டையாக அப்பர் வருகிறது. ஷூவின் மேல்பாகம், கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கும் நாலு ஜோடி கொடேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் அக்கா என்பாள். கையில் ஊசியோடு இந்தக் கால் துள்ளினால் என்ன ஆகும் என்று நினைக்கிறாள். வாயால் சொல்ல மாட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

இன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம்.

கம்பெனி வேன் பைபாஸில் கவிழ்ந்து நாலு வருஷம் ஆகிறது. முதுகெலும்பு நசுங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. வலி மட்டும் தெரியும், அது என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் தானியேல் மாதா கோயிலை விட்டுவிட்டு இந்த ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அத்தை மாறவில்லை. கூட்டம் நடக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு ஒரு அக்கா என் முட்டியில் கை வைத்து ஜெபித்தாள். வைத்த உடனே துள்ளியது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அறை முழுக்கச் சத்தம். தானியேல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்து. எல்லாரும் போன பிறகு சொன்னேன்: யார் தொட்டாலும் துள்ளும், கொசு உட்கார்ந்தாலும் துள்ளும்.

“கொசுவையும் அவர்தானே அனுப்புறாரு” என்றார்.

இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

முதல் சில மாதம் நானும் நம்பினேன்தான். கால் அசைகிறதே, உயிர் வருகிறதே என்று. பிஸியோவுக்கு வந்த பெண்தான் புரிய வைத்தாள். மூளையிலிருந்து வரும் கட்டளை முதுகோடு நின்றுவிடுகிறது, அடக்க ஆளில்லாமல் கால் தன்பாட்டுக்குத் துள்ளுகிறது, இறுகுகிறது. வாத்தியார் வராத வகுப்பு மாதிரி. நடை வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் சொன்னபோது தானியேலும் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதில் எது விழுந்ததோ.

ஜூலை 19, வெள்ளி

வேலூர் போய் வந்தோம். அஃப்ரோஸ் வீட்டுக்காரர் ஜியாவுல்லா அண்ணனின் ஆம்னி வேனில்தான் எப்போதும் போவது. என் காலை எப்படிக் கட்டி உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனதில் இறுக்கம் குறையவில்லை, நாக்குதான் தடித்துப் போனது. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் துள்ளல். இந்த முறை வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, மலையாளம் கலந்த தமிழ். பொறுமையாகச் சொன்னார். தாங்க முடியாத வலிக்காரர்களுக்கு வலி மருந்தை முதுகுத் தண்டைச் சுற்றி இருக்கும் நீரிலேயே விடுவார்களாம். அதே வழியில் இறுக்கம் தளர்த்தும் மருந்தையும் விடலாம். நான் விழுங்குகிற அதே பேக்லோஃபென்தான். வாயால் போட்டால் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மிச்சம்மீதிதான் முதுகுக்குப் போகும். நேராக விட்டால் ஒரு சொட்டு போதும். வயிற்றுத் தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு பம்ப், அதிலிருந்து முதுகுக்கு மெல்லிய குழாய். சில மாதத்துக்கு ஒரு முறை ஊசியால் மருந்து நிரப்ப வேண்டும். முதலில் ஒரே ஒரு ஊசி முதுகில் போட்டுப் பார்ப்போம், கேட்கிறதா என்று தெரியும். பம்ப்புக்கு ஈ.எஸ்.ஐ.யில் எழுதி வாங்கலாம்.

நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தானியேல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“துள்றது நின்னுடுமா மேடம்?”

நன்றாகவே நின்றுவிடும் என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஜூலை 21, ஞாயிறு

தானியேல் இன்றைக்கும் என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்றார். அதுவும் அத்தையிடம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். வேலூர், ஆஸ்பத்திரிக் கட்டில்

எழுதியே ஆக வேண்டும்.

‘ஒரே ஒரு ஊசிதானே, பார்த்துவிட்டு வந்துவிடலாம்’ என்று நச்சரித்து இவரைக் கூட்டி வந்தேன். காலையில் என்னைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்க வைத்தார்கள். சுருட்டவா விடும் இந்தக் கால்? இரண்டு நர்ஸ்கள் பிடித்துக்கொண்டார்கள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஊசி. குத்தியது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. இதுவும் ஏமாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தேன். அப்புறம் — வலது குதிகால் படுக்கையில் பட்டது. முழுசாகப் பட்டது. இத்தனை வருஷத்தில் அது படுக்கையில் முழுசாகப் பட்டதே இல்லை. அடுத்து இடது. தொடை தளர்ந்தது, இடுப்பு தளர்ந்தது. தோளும் தாடையும்கூட இறுகியிருந்தது அவை தளர்ந்தபோதுதான் தெரிந்தது. டாக்டரம்மா வந்து முட்டியை மடக்கினார், நீட்டினார், பிரித்தார். ஒற்றைக் கையால். அத்தை பார்த்திருக்க வேண்டும்.

அழுதேன். வலி நின்றதற்கு ஒருத்தி இப்படி அழுவாளா? அழுதுகொண்டே தூங்கிவிட்டேன், பட்டப்பகலில், மாத்திரை இல்லாமல்.

பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தால் தானியேல் கட்டில் முனையில் நிற்கிறார். ஒரு விரலால் என் உள்ளங்காலைச் சுரண்டுகிறார். நிறுத்திப் பார்க்கிறார். மறுபடி சுரண்டுகிறார். பிறகு முட்டியில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். கால் அப்படியே கிடந்தது. அவர் அழுவதைப் பார்த்துவிட்டுத் தூங்குவது போலப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. இது ஒரு நாள் கதைதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலையில் இட்லித் தட்டை மடியில் வைத்ததும் கால் உதைத்தது. சட்னி சட்டையெல்லாம். தானியேல் துள்ளி எழுந்தார்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே. வந்துட்டுச்சு அமிர்தம், வந்துட்டுச்சு.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது? பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“உனக்கு என் காலு வேணுமா, நான் வேணுமா?”

கல்யாணம் ஆனதிலிருந்து அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சட்னியைத் துடைத்தார். ஆம்னியில் திரும்பி வரும்போது ஜியாவுல்லா அண்ணன் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் பாட்டுப் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று பேசினார். பம்ப் வேண்டாமாம்.

“செத்துப்போன காலு மாதிரி கெடந்துச்சு அமிர்தம். அது துள்றதப் பாத்துதான் நான் தெனமும் வேலைக்கே போறேன். அதுவும் நின்னுட்டா, நான் இன்னாத்தப் பாத்து நம்புறது?”

பொய் சொல்கிறவரென்றால் திட்டலாம். இவர் சொன்னது அத்தனையும் நிஜம். பிள்ளை இல்லை, வீட்டில் மூன்று பேர்தான், நான் ஒருநாள் எழுந்து நடப்பேன் என்பதுதான் இவருக்கு எல்லாமே. அதை என் காலில் கட்டி வைத்திருக்கிறார்.

ஆனால் வலிக்கிறது எனக்கு. எனக்குத்தான் வலிக்கிறது. நானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், என் உடம்புதானே. ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கவும் திருப்பவும் யார் வருவார்கள்? மனசில்லாதவர் கையால் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? வேணாம். பேஜாரா இருக்கு. தூங்கணும். தூக்கம் எங்க வருது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அத்தை பையில் புடவைகளை அடுக்கினார். ராணிப்பேட்டைக்கு, நாத்தனார் வீட்டுக்குப் போகிறாராம். அவளுக்கு உடம்பு சரியில்லையாம். நேற்றுத்தான் அவளோடு போனில் பேசினேன், கல்யாணத்துக்குப் போய்வந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னாள்.

தானியேல் தவித்துப் போனார். என்னை யார் பார்ப்பது, எப்போது வருவாய் என்று கேட்டார். வரும்போது வருகிறேன் என்றார் அத்தை. வாசலில் என் பக்கம் குனிந்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“சாயந்திரம் வந்து ஜெபம் பண்றவன் அவன். காலைல கழுவுறவ நானு. கொஞ்ச நாளு அவனும் கழுவட்டும்.”

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இந்த அம்மாவோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தானியேல் தோல் பதனிடும் கம்பெனியில் ஸ்ப்ரே செக்‌ஷன். விடியற்காலையிலேயே வேலைக்கு, ஞாயிறென்றால் ஜெப வீட்டுக்கு என்று கிளம்பிவிடுகிறவர், என் காலைப் பொழுதைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது செகண்ட் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

முதல் நாள் அனுபவம்: துணியை நனைத்துக்கொண்டு, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பெரிய வீரர் மாதிரி வந்தார். முட்டியைத் தொட்டார். கால் துள்ளி அவர் தாடையிலேயே ஒன்று வைத்தது. உதடு கிழிந்து ரத்தம்.

ஆண்டவர் அனுப்பியது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றேன். முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம், ஆகஸ்டில் முதல் தடவையாக.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பாதிதான் கழுவ முடிந்தது. மீதியை விட்டுவிடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

சிறுநீர்க் குழாய் விடும்போது இரண்டு தொடையும் அவர் கையின் மேல் சேர்ந்து இறுகிக்கொண்டன. கையை உருவவும் முடியவில்லை, குழாயை எடுக்கவும் முடியவில்லை. இழுத்தால் எனக்கு உயிர் போகிறது. கத்திவிட்டேன். அத்தை இருந்தால் பேசாமல் காத்திருப்பார், அவருக்குத் தெரியும். இவர் பதறிப் பதறி இன்னும் இழுத்தார். அசையாதீங்க, அசையாதீங்க என்று நான் கத்த, அப்படியே உறைந்துபோய் என் முகத்துக்கு நேரே குனிந்திருந்தார். கால் விடுகிறவரைக்கும் அப்படியே. எங்கேயும் திரும்ப முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு.

விட்டதும் எழுந்து போய் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்.

“தெனமும் இப்பிடியா?”

தினமும்தான் என்றேன்.

“அம்மா சொல்லவே இல்லியே.”

“நீங்க கேக்கலை.”

மத்தியானம் சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்றபடியே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

“வெச்சுக்கலாம் அமிர்தம். அந்த பம்ப்ப.”

திரும்பிப் பார்க்கலாம் என்றால் முடியைப் பிடித்திருந்தார். நல்லதுதான்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கும் போய் வந்தார். ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னாராம். ஒரு அக்கா முகம் சுளித்தாளாம். பாஸ்டர் ஐயா, டாக்டரையும் கடவுள்தான் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி முடித்துவிட்டாராம். இவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் அந்த அக்காவோடு கொஞ்சம் சண்டையே போட்டிருப்பார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அத்தை திரும்பிவிட்டார். நாத்தனாருக்கு உடம்பு தேவலையாம். மகனின் உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீன் கழுவப் போய்விட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஈ.எஸ்.ஐ.யில் ஒப்புதல் வந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. தானியேல் எத்தனை முறை அலைந்தார் என்று கணக்குக் கேட்டால் சொல்ல மாட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

நாளைக்கு எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறேன்.

அக்டோபர் 5, சனி

நன்றாக இல்லை. தலைவலி. தலையைத் தூக்கினால் மண்டை பிளக்கிறது. குழாய் வைத்த இடத்தில் முதுகுத் தண்டு நீர் கொஞ்சம் கசிந்தால் இப்படித்தான் இருக்கும், மல்லாந்தே கிடந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. தானியேல் ஸ்பூனில் கஞ்சி ஊட்டினார், பாதி காதுக்குள்.

கால் அமைதியாக இருக்கிறது. அதை எழுத மறந்துவிட்டேன் பார். கால் அமைதியாக இருக்கிறதென்பதையே மறந்துவிட்டேன்!

அக்டோபர் 10, வியாழன்

வீடு.

வயிற்றில் வலது பக்கம் வட்டமாகப் புடைத்திருக்கிறது, தடவினால் தெரிகிறது. அத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே தீர்ந்துபோனால் யார் சொல்வார்கள் என்று கேட்டார். தீருவதற்கு முன்னாலேயே கூப்பிட்டு நிரப்புவார்கள், நாள் தவறவே கூடாது, சட்டென்று நின்றால் ஆபத்து என்று தானியேல் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக்கூட அவ்வளவு பெரிய வட்டம் போட்டதில்லை.

குளியல் சீக்கிரமே முடிந்துவிட்டது. அத்தைக்கு மீதி நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தலைக்கு இரண்டாவது தடவை எண்ணெய் தேய்த்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தூங்குகிறேன். இதைத் தினமும் எழுதலாம், ஆனால் படிக்கிறவருக்கு அலுக்கும். படிக்கப் போவது நான்தான். பரவாயில்லை: ராத்திரி முழுக்கத் தூங்குகிறேன்.

அஃப்ரோஸ் தானாகவே ஒரு கட்டு அப்பர் கொண்டுவந்து மடியில் போட்டாள். ஆறு ஜோடி தைத்தேன். முதல் ஜோடி கேவலம், நானே ரிஜெக்ட் பண்ணிப் பிரித்தேன். அவள் தைத்ததையும் எடுத்துப் பார்த்து இரண்டு இடத்தில் நூல் தளர்ச்சி என்று காட்டினேன். எதுக்குடா கொடுத்தோம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

வேலூரில் அளவு சரிபார்த்தார்கள். வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து, கையிலிருக்கும் இன்னொன்றில் தட்டினால் மருந்து கூடும், குறையும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. காலையில் எழும்போது மட்டும் லேசாக ஒரு துள்ளல் மிச்சமிருக்கிறது என்று சொன்னேன். டாக்டரம்மா அது இருக்கட்டுமே என்றார். நான் விடவில்லை. ஒரு துள்ளல்கூட இருக்கக் கூடாது, சுத்தமாக வேண்டும் என்றேன். க்யூசி புத்தி. கொஞ்சம் கூட்டினார், ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே வரச் சொன்னார்.

நவம்பர் 11, திங்கள்

விழுந்துவிட்டேன்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது. அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தேன், இரண்டு காலும் ஈரத்துணி மாதிரி மடிந்தன. அத்தையையும் இழுத்துக்கொண்டு தரையில். அவருக்கு மணிக்கட்டு வீக்கம். எனக்கு இடுப்பில் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை.

இத்தனை நாள் நான் எப்படி மாறிக்கொண்டிருந்தேன்? எழுந்ததும் கால் விறைக்கும். அந்த விறைப்பின் மேல்தான் ஒரு நொடி நின்று, திரும்பி, உட்கார்ந்தேன். என்னைப் பாடாய்ப்படுத்திய அதே இறுக்கம்தான் அந்த ஒரு நொடிக்கு என்னைத் தாங்கியிருக்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை. டாக்டரம்மா இருக்கட்டுமே என்றாரே, எனக்கு எல்லாம் சுத்தமாக வேண்டியிருந்தது.

தானியேல் வீட்டில் இருந்தார். ஓடிவந்து என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டார், அம்மாவுக்கு ஐஸ் கட்டி வைத்துக் கட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“சொல்லிடுங்க. பழைய துள்ளலே இருந்திருக்கலாம்னு.”

உதட்டைத் தடவிக்கொண்டார்.

“அந்த ஒதைய வாங்கினவன் நானு. வேணாம் சாமி.”

அத்தை ஐஸ் கட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வலியில் ஒரு கண்ணில் தண்ணீர் வேறு.

நவம்பர் 14, வியாழன்

வேலூர் போனோம். கூட்டம் ஜாஸ்தி, உள்ளே கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது.

விழுந்த கதையைச் சொன்னேன், என் பேராசையையும் சேர்த்து. டாக்டரம்மா திட்டவில்லை. நிறையப் பேர் அந்த இறுக்கத்தை ஊன்றிக்கொண்டுதான் எழுகிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நிற்க ஒன்றும் இருக்காது, அவரவர்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை விட்டுவைப்பதுதான் இதில் வேலையே என்றார். பிறகு கருவியை எடுத்துக்கொண்டு, எல்லா டாக்டர்களும் செய்கிற மாதிரி தானியேலைப் பார்த்துக் கேட்டார்: எவ்வளவு விட்டுவைக்கலாம்?

இவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நிறைய விட்டுவையுங்கள் மேடம் என்று சொன்னால் நான் மறுத்துப் பேசவும் முடியாது, மூன்று நாளுக்கு முன்னால் விழுந்தவள். நாலு வருஷமாக எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் சொன்னவர் இவர்தான்.

“அவளக் கேளுங்க மேடம். காலு அவளுது.”

சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு என் சக்கர நாற்காலியின் பிரேக் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

எழுந்து நிற்கிற அளவுக்கு வேண்டும், தூங்க விடாத அளவுக்கு வேண்டாம் என்றேன். டாக்டரம்மா சிரித்தபடி மருந்தைக் குறைத்தார். வெளியே நடையில் நெடுநேரம் காத்திருந்தோம். தானியேல் போய் டீயும் பன்னும் வாங்கிவந்தார். சாயங்காலம் மறுபடி உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்கு மாறச் சொன்னார்கள்.

தானியேலின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஸ்ப்ரே வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எழுந்தேன். கால் மெதுவாக விறைத்தது, தாங்கியது. நின்றேன். நடக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சும்மா நின்றேன். அப்போது இடது கால் ஒரு முறை துள்ளியது, அவர் முழங்காலில் பட்டுத் துள்ளியது.

அவர் குனிந்து காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

இல்லை என்றேன். நிஜமாகவே வலிக்கவில்லை.